டீ குடிச்சுட்டு வந்தா மட்டும் விழற கனெக்‌ஷன்

கேள்வி: அண்ணா வணக்கம்ங்க. திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில இருக்கேன், பேருக்குத்தான் அக்கவுண்ட்ஸ், கம்ப்யூட்டர்ல எது ரிப்பேர்னாலும் என் தலைலதான் விழும். பில் போட்ட உடனே கூரியர் கம்பெனி சர்வருக்கு டீடெய்ல் அனுப்பி ட்ராக்கிங் நம்பர் வாங்கறதுக்கு பைத்தான்ல ஒரு புரோகிராம் எழுதி ஆபீஸ் உபுண்டு மெஷின்ல ஓட விட்டிருக்கேன். காலைல மொத பில்லும், டீ டைம் முடிஞ்சு வந்து போடற மொத பில்லும் 'கனெக்‌ஷன் ரீசெட் பை பியர்'னு விழுது, அடுத்தது போயிடுது. இது போக மாசத்துல ரெண்டு மூணு நாள் ஒரு பில்லும் போகாது, ஒவ்வொண்ணும் 2 நிமிஷத்துக்கு மேல தொங்கிட்டு 'கனெக்‌ஷன் டைம்டு அவுட்'னு வரும், அப்புறம் தானா சரியாயிடும். லேப்டாப்ல அதே வைஃபைல ஓட்டிப் பாத்தா ஒரு தடவை கூட எர்ரர் வரல. நெட் கம்பெனிக்காரங்க லைன் க்ளீனா இருக்குங்கறாங்க, கூரியர் ஐடி ஆளு எங்க சர்வர் நல்லாதான் ஓடுதுங்கறாரு. ஃப்ரெண்டு சொன்னான்னு எஸ்எஸ்எல் வெரிஃபையை ஃபால்ஸ் பண்ணேன், டைம்அவுட் 5 செகண்ட் வச்சேன், எர்ரர் வந்தா 5 தடவை திரும்ப அனுப்பற மாதிரி லூப் போட்டேன். போன வாரம் ஒரே பார்சலுக்கு மூணு புக்கிங் விழுந்து மூணுக்கும் சார்ஜ் போட்டுட்டாங்க, முதலாளி கத்தறாருங்க. ஆபீஸ்ல ரெண்டு நெட் லைன் இருக்கு, ஒண்ணு போனா இன்னொண்ணு தானா எடுத்துக்கும். எங்க தேடறதுன்னே தெரியலைங்ணா.

பதில்:

தம்பி, மொதல்ல ஒரு நன்றி. நெட் எர்ரர்னு எனக்கு வர்ற பத்து லெட்டர்ல எட்டு 'சர்வர் கனெக்ட் ஆகல, என்ன பண்றது'ன்னு ஒரே வரிலதான் வரும், அதை வச்சுட்டு நான் ஜோசியம்தான் பாக்கணும். நீங்க எர்ரரோட வார்த்தைய அப்படியே எழுதியிருக்கீங்க, எப்ப வருதுன்னு எழுதியிருக்கீங்க, எவ்ளோ நேரம் தொங்குச்சுன்னும் எழுதியிருக்கீங்க. இந்த மூணும் இருந்தா பாதி வேலை முடிஞ்சுது. அதுலயும் டீ டைம்ன்னு போட்டீங்க பாருங்க, அங்கேயே எனக்கு பொறி தட்டிடுச்சு.

உங்களுக்கு இருக்கறது ஒரு பிரச்சினை இல்ல, மூணு. ரீசெட் ஒண்ணு, 2 நிமிஷ தொங்கல் ஒண்ணு, மூணு புக்கிங் ஒண்ணு. மூணையும் ஒரே பிரச்சினைன்னு நெனச்சு ஒரே லூப்ல அடைக்கப் பாத்ததுதான் இப்ப முதலாளி கத்தறதுக்குக் காரணம். மூணுக்கும் காரணம் வேற, மருந்தும் வேற.

வார்த்தைய மட்டும் கொஞ்சம் பாத்துட்டுப் போயிடுவோம். ரிஃப்யூஸ்டுன்னு வந்தா அந்த மெஷின் வரைக்கும் போய்ச் சேந்துட்டீங்க, அந்த போர்ட்ல (மெஷினுக்குள்ள போற நம்பர் போட்ட கதவு) கேக்க ஆள் இல்ல, அதனால உடனே, மில்லிசெகண்ட் கணக்குல, முகத்துல அடிச்ச மாதிரி பதில் வரும் (சில ஃபயர்வாலும் இந்த மாதிரி வெளிப்படையா மறுக்கும்). டைம்டு அவுட்னா நீங்க அனுப்பினதுக்கு ஆமாவும் இல்ல, இல்லைன்னும் இல்ல, யாரோ வழில வாங்கி குப்பைல போட்டுட்டாங்க. ரீசெட்னா கனெக்‌ஷன் ஒரு தடவை நல்லபடியா ஆகி, அதுக்கப்புறம் அறுந்திருக்கு. உங்களுக்கு ரிஃப்யூஸ்டு ஒரு தடவை கூட வரல, அதனால கூரியர் ஐடி ஆளு சர்வர் ஓடுதுன்னு சொல்றது அனேகமா நெசம்தான், அவரைத் திட்டாதீங்க.

இப்ப டீ கதைக்கு வருவோம். நீங்க பைத்தானோட ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரில (வெப் சர்வரோட பேசற ரெடிமேட் கோடு) செஷன் ஒண்ணு தெறந்து வச்சு நாள் பூரா அதையேதான் யூஸ் பண்றீங்கன்னு நெனைக்கறேன், அப்படித்தான் இருக்கணும், ஏன்னா வேகமா இருக்கும்னு எல்லாரும் அதைத்தான் சொல்லித் தருவாங்க. செஷன் என்ன பண்ணும்னா மொத பில்லுக்கு ஒரு டிசிபி (ரெண்டு மெஷின் நெட்ல பேசிக்கற முறை) கனெக்‌ஷன் போட்டு, பதில் வாங்கினதும் அதை மூடாம பத்திரமா எடுத்து வச்சுக்கும், அடுத்த பில்லுக்கு அதையே நீட்டும். பில் மேல பில் போயிட்டிருக்கற வரைக்கும் பிரமாதமா ஓடும். நீங்க டீ குடிக்கப் போறீங்க, ஒரு பஜ்ஜி, அரை மணி நேரம் பேச்சு. அந்த அரை மணி நேரம் அந்த கனெக்‌ஷன்ல ஒரு பைட் கூட போகல வரல. நடுவுல இருக்கற ஆளுங்களுக்கு, அதாவது உங்க ஆபீஸ் ரவுட்டர், நெட் கம்பெனியோட நேட் (பல மெஷினை ஒரே நெட் விலாசத்துல வெளிய அனுப்பறது), அந்தப் பக்கம் லோட் பேலன்சர் (வர்ற கூட்டத்தைப் பல சர்வருக்குப் பிரிச்சு விடறது), இவங்க எல்லாருக்கும் ஒவ்வொரு கனெக்‌ஷனையும் ஞாபகம் வச்சுக்க ஒரு டேபிள் உண்டு, அந்த டேபிள் சின்னது, அதனால ரொம்ப நேரம் பேசாம கிடக்கற கனெக்‌ஷனை அழிச்சுடுவாங்க. அழிச்சதை உங்ககிட்ட சொல்லணும்னு பல பேருக்குத் தோணறதில்ல. உங்க புரோகிராம் பாவம், கைல இருக்கறது உயிரோட இருக்குன்னு நம்பி அதுல அடுத்த பில்லை அனுப்புது, எதிர்ல இருக்கறவன் 'யாருய்யா நீ, உன்னை எனக்குத் தெரியவே தெரியாதே'ன்னு ஒரு ரீசெட் பாக்கெட்டை வீசறான். உங்க புரோகிராம் அந்த செத்த கனெக்‌ஷனைத் தூக்கிப் போட்டுட்டு புதுசு போடுது, அதனால அடுத்த பில் ஜம்முனு போகுது. காலைல மொத பில் விழறதும் இதேதான், அது ராத்திரி பூரா தூங்கின கனெக்‌ஷன்.

இங்க ஒரு நியாயமான சந்தேகம் வரும். எதிர்ப்பக்கம் ஒழுங்கா மூடியிருந்தா 'மூடறேன்'னு சொல்ற ஃபின்னு ஒரு பாக்கெட் வருமே, லைப்ரரிக்குத் தெரிஞ்சுடுமேன்னு. உண்மைதான். ஃபின் வந்து சேந்திருந்தா லைப்ரரி அதைப் பாத்துட்டு பேசாம புதுசு போட்டுக்கும், உங்களுக்கு எர்ரரே வந்திருக்காது. நடுவுல இருக்கறவன் மொதல்ல மறந்துட்டா அந்த ஃபின் உங்ககிட்ட வந்து சேரவே சேராது, அதுதான் கோளாறு. அப்புறம் லேப்டாப்ல ஏன் வரலன்னு கேட்டீங்களே, லேப்டாப்ல நீங்க என்ன பண்றீங்க, புரோகிராமை ஓட்டறீங்க, ரெண்டு பில் அனுப்பறீங்க, போயிடுச்சுன்னு பாத்துட்டு மூடறீங்க. அங்க கனெக்‌ஷனுக்குத் தூங்க நேரம் எங்க இருக்கு. லேப்டாப்லயும் புரோகிராமை மூடாம அரை மணி நேரம் விட்டுட்டு அப்புறம் அனுப்பிப் பாருங்க, அதுவும் விழும்.

எவ்ளோ நேரத்துல மறக்கறாங்கங்கறது ஆளுக்கு ஆள் மாறும், இதுல சில நம்பர் தெரிஞ்சு வச்சுக்கிட்டா நல்லது. நோட் ஜேஎஸ் சர்வர் பல வெர்ஷன்ல டிஃபால்டா 5 செகண்ட்ல மூடிடும், அப்பாச்சியும் 5 செகண்ட், என்ஜின்எக்ஸ் 75 செகண்ட், அமேசான்ல அப்ளிகேஷன் லோட் பேலன்சர் 60 செகண்ட், அதே அமேசான்ல நெட்வொர்க் லோட் பேலன்சர் 350 செகண்ட், அசூர் லோட் பேலன்சர் 4 நிமிஷம். இதுல அந்த 350-காரன் கொஞ்சம் விஷமக்காரன், நேரம் முடிஞ்சதும் சத்தமில்லாம மறந்துடுவான், அப்புறம் நீங்க பேசினா ரீசெட் தருவான், உங்க கதைக்கு அச்சு அசலா பொருந்தற மாதிரி. விதிப்படி பாத்தா 2008-ல வந்த ஆர்எஃப்சி 5382 (இன்டர்நெட் விதிமுறைப் பத்திரம்), நேட் பண்ற ஆளு உயிரோட இருக்கற டிசிபி கனெக்‌ஷனை 2 மணி 4 நிமிஷத்துக்கு முன்னாடி மறக்கக் கூடாதுங்குது. விதி விதியா இருக்கு, கடைல வாங்கற ரவுட்டர் அது பாட்டுக்கு இருக்கு.

அதனால கைல வாட்சை எடுத்துக்குங்க. கூரியர் ஏபிஐல (உங்க புரோகிராம் அவங்க சர்வரோட பேசற வழி) ட்ராக்கிங் ஸ்டேட்டஸ் கேக்கற கால் ஒண்ணு இருக்கும்ல, புக்கிங் எதுவும் பண்ணாது, வெறும் கேள்விதான், அதை வச்சு ஒரு சின்ன ஸ்க்ரிப்ட் எழுதுங்க. ஒரே செஷன், ஒரு தடவை கேளு, 1 நிமிஷம் சும்மா இரு, திரும்பக் கேளு, 3 நிமிஷம் சும்மா இரு, கேளு, 5 நிமிஷம், 6 நிமிஷம், 10, 20, 40. எந்த இடைவெளில மொத ரீசெட் விழுதுன்னு எழுதி வைங்க. 5 நிமிஷத்துக்கு ஓகே, 6 நிமிஷத்துக்கு விழுதுன்னா எனக்கு 350 செகண்ட் ஞாபகம் வரும். 10-க்கு ஓகே, 20-க்கு விழுதுன்னா அது உங்க ரவுட்டராவும் இருக்கலாம், ரவுட்டர் செட்டிங்ல டிசிபி செஷன் டைம்அவுட்னு எங்கயாவது இருக்கும், தேடிப் பாருங்க.

யாரு அறுத்தாங்கன்னு கோர்ட்ல நிக்கற அளவுக்கு ஆதாரம் வேணும்னா அதுக்கும் வழி இருக்கு, நான் ரொம்ப வருஷமா யூஸ் பண்றது. டிசிபிடம்ப்ல (போற வர்ற பாக்கெட்டைப் பதிவு பண்ற டூல்) கூரியர் சர்வர் ஐபிக்கு (நெட் விலாசம்) மட்டும் ஃபில்டர் போட்டு ஃபைல்ல சேத்து, அதைப் பிரிச்சுக் காட்டற வயர்ஷார்க்ல தெறங்க. மொத கனெக்‌ஷன் போடும்போது அந்தப் பக்கத்துலேருந்து வந்த சின்-ஆக் பாக்கெட்டோட ('பேசலாம்'ங்கற பதில்) டிடிஎல் (பாக்கெட் இன்னும் எத்தனை ரவுட்டர் தாண்டலாம்ங்கற கணக்கு) என்னன்னு பாருங்க. டீ டைம் முடிஞ்சு வந்த ஆர்எஸ்டி, அதாவது ரீசெட், பாக்கெட்டோட டிடிஎல்லையும் பாருங்க. ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் டிடிஎல் ஒண்ணு கொறையும், அதனால ரெண்டும் ஒரே எடத்துலேருந்து வந்திருந்தா நம்பர் ஒண்ணாவோ ரொம்பக் கிட்டத்துலயோ இருக்கணும். சின்-ஆக்ல 49, ஆர்எஸ்டில 64-ன்னு இருந்துச்சுன்னா அந்த ரீசெட் கூரியர் சர்வர் குடுத்தது இல்ல, உங்க ஆபீஸ் சுவத்துல மாட்டியிருக்கற டப்பா குடுத்தது. எர்ரர்ல 'பை பியர்'னு, அதாவது எதிர்ப்பக்கம் அறுத்துச்சுன்னு, போட்டிருக்கறதை அப்படியே நம்பிடாதீங்க, நடுவுல இருக்கறவன் பியர் பேரைப் போட்டு மொட்டைக் கடுதாசி எழுதுவான், உங்க மெஷினுக்கு வித்தியாசம் தெரியாது.

மருந்து என்னன்னா, கனெக்‌ஷனை சேத்து வைக்காதீங்க. பெரிய ஆர்க்கிடெக்ட் யாராவது படிச்சா சிரிப்பாங்க, சிரிக்கட்டும். உங்க கம்பெனில ஒரு நாளைக்கு எத்தனை பில், நூறா, முன்னூறா. ஒவ்வொரு பில்லுக்கும் புதுசா கனெக்‌ஷன் போட்டா அதிகபட்சம் அரை செகண்ட் கூட ஆகும், பில் போடற பொண்ணு பேப்பரைக் கிழிக்கறதுக்குள்ள முடிஞ்சுடும். செகண்டுக்கு ஆயிரம் கால் போற எடத்துலதான் கனெக்‌ஷனை சேத்து வைக்கறது காசு. வேகம் வேணும்தான்னு ஒரே பிடியா நின்னா டிசிபி கீப்அலைவை (சும்மா இருக்கும்போது அப்பப்ப தட்டிப் பாக்கறது) ஆன் பண்ணிட்டு, ஐடில் நேரத்தை 60 செகண்ட்னு நீங்களே செட் பண்ணணும். வெறுமனே ஆன் பண்ணிட்டு விட்டா பிரயோஜனம் இல்ல, லினக்ஸ்ல டிஃபால்ட் 7200 செகண்ட், 2 மணி நேரம் கழிச்சுதான் உயிரோட இருக்கியான்னு மொத தடவை கேக்கும், அதுக்குள்ள பதினாறாம் நாள் காரியமே முடிஞ்சிருக்கும்.

ரெண்டாவது, அந்த 2 நிமிஷ தொங்கல். இதுல கடிகாரம் இன்னும் அழகா பேசும். லினக்ஸ் ஒரு கனெக்‌ஷன் போட 'பேசலாமா'ங்கற சின் பாக்கெட் அனுப்பும், பதில் இல்லைன்னா 1 செகண்ட் கழிச்சு இன்னொண்ணு, அப்புறம் 2 செகண்ட் விட்டு, 4 விட்டு, 8, 16, 32 விட்டு அனுப்பிட்டு, கடைசியா 64 செகண்ட் பாத்துட்டு கைய விரிக்கும். கூட்டிப் பாருங்க, 127 செகண்ட், 2 நிமிஷம் 7 செகண்ட், கெர்னல் (லினக்ஸோட மையப் பகுதி) வெர்ஷனைப் பொறுத்து கொஞ்சம் முன்ன பின்ன. நீங்க 2 நிமிஷத்துக்கு மேலன்னு எழுதினது இதுதான். ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரில நாமளா டைம்அவுட் குடுக்கலைன்னா அது பாட்டுக்குக் காத்துக்கிட்டே இருக்கும், அதனால கெர்னல் கையை விரிக்கற வரைக்கும் உங்க பில் கவுண்டர் நின்னுருக்கு. ஒரு பேருக்கு ரெண்டு ஐபி இருந்துச்சுன்னா ஒண்ணு விட்டு ஒண்ணா ரெண்டையும் முயற்சி பண்ணி இதுல டபுள் ஆகும்.

சரி, ஏன் சில நாள் மட்டும். உங்க லெட்டர்ல கடைசி வரில அலட்சியமா ஒண்ணு எழுதியிருக்கீங்க, ரெண்டு லைன் இருக்கு, தானா மாறிக்கும்னு. அதை மொத வரில எழுதியிருக்கணும் தம்பி. கூரியர் கம்பெனி ஏபிஐ குடுக்கும்போது 'உங்க பப்ளிக் ஐபி என்ன'ன்னு ஒரு ஃபார்ம்ல கேட்டாங்களான்னு யோசிச்சுப் பாருங்க, அனேகமா கேட்டிருப்பாங்க, நீங்க அன்னைக்கு எந்த லைன் ஓடிச்சோ அந்த ஐபியக் குடுத்திருப்பீங்க. மெயின் லைன் படுத்துக்கற அன்னைக்கு ரெண்டாவது லைன்ல, வேற ஐபிலேருந்து கதவைத் தட்டறீங்க, அவங்க ஃபயர்வால் லிஸ்ட்ல அந்த ஐபி இல்ல, ஃபயர்வால் பதிலே சொல்லாம பாக்கெட்டைக் கீழ போடுது. அன்னைக்கு கூகுள் தெறக்கும், வாட்ஸாப் ஓடும், கூரியர் மட்டும் போகாது, எல்லாரும் கூரியர் சர்வர் டவுன்னு நெனச்சுப்பாங்க. ரெண்டாவது லைன்ல உங்க ஆபீஸுக்குன்னு தனி பப்ளிக் ஐபியே இல்லாமலும் இருக்கலாம், பல பேரை ஒரே ஐபிக்குப் பின்னாடி உக்கார வைக்கற பழக்கம் நெட் கம்பெனிங்களுக்கு உண்டு, ரவுட்டர்ல வான் (WAN) ஐபி, அதாவது நெட் கம்பெனி ரவுட்டருக்குக் குடுத்த ஐபி, 100.64-லேருந்து 100.127 வரைக்குள்ள எதுலயாவது ஆரம்பிச்சா அந்த கேஸ்தான், அப்ப ஸ்டாட்டிக் ஐபி தனியா கேட்டு வாங்கணும்.

இதை உறுதி பண்ண ஞாயித்துக்கிழமை ஆபீஸ் காலியா இருக்கும்போது மெயின் லைன் வயரைப் பிடுங்கிட்டு, வெளில தெரியற ஐபி என்னன்னு பாத்து எழுதிக்குங்க, அப்புறம் கர்ல்ங்கற கமாண்ட்ல கூரியர் அட்ரஸை அடிச்சுப் பாருங்க, மைனஸ் வி போட்டு. 'ட்ரையிங்'னு ஒரு வரி வந்து அங்கயே நின்னுச்சுன்னா நான் சொன்னதுதான். பிங் பண்ணிப் பாத்து முடிவு பண்ணாதீங்க, நெறைய எடத்துல பிங்கை அடைச்சு வச்சிருப்பாங்க, பிங் போகலைன்னா சர்வர் செத்துடுச்சுன்னு இல்ல, பிங் போனா 443 (வெப் போற போர்ட்) தெறந்திருக்குன்னும் இல்ல. ரெண்டாவது ஐபியையும் லிஸ்ட்ல சேருங்கன்னு கூரியருக்கு ஒரு மெயில், அவ்ளோதான் வேலை.

வயரைப் பிடுங்கியிருக்கும்போதே இன்னொண்ணும் பாத்துடுங்க, இதுல நான் சூடு பட்டிருக்கேன். ஒரு லேப் சாஃப்ட்வேர்ல ஒவ்வொரு ரிப்போர்ட்டும் சரியா 5 செகண்ட் லேட்டா போகுதுன்னு கூப்பிட்டாங்க, நான் புத்திசாலி மாதிரி டேட்டாபேஸ், இன்டெக்ஸ், கோடுன்னு ரெண்டு நாள் கிளறிட்டு இருந்தேன். கடைசில பாத்தா அவங்க லைன் மாத்தி ஆறு மாசம் ஆச்சு, மெஷின்ல பழைய நெட் கம்பெனியோட டிஎன்எஸ் (சைட் பேரை ஐபியா மாத்திக் குடுக்கற சர்வர்) ஐபி மொத வரில அப்படியே இருந்துச்சு, அது வெளி ஆளுக்கு பதில் சொல்லாது, லினக்ஸ் அதுகிட்ட 5 செகண்ட் காத்திருந்துட்டு ரெண்டாவது டிஎன்எஸ்கிட்ட போகும். 5 செகண்ட்ங்கறது லினக்ஸ் ரிசால்வரோட டிஃபால்ட். அன்னைலேருந்து யாராவது 'கரெக்டா 5 செகண்ட் லேட்டு'ன்னு சொன்னா மொதல்ல டிஎன்எஸ்தான் பாப்பேன். ரெண்டு லைன் வச்சிருக்கற ஆபீஸ்ல இது அடிக்கடி நடக்கும், மெஷின்ல ஒரு நெட் கம்பெனியோட டிஎன்எஸ் மட்டும் இருந்தா மாத்தி பொதுவான டிஎன்எஸ் போடுங்க.

மூணாவதுதான் எனக்கு நெஜமாவே கவலை தர்றது, அந்த மூணு புக்கிங். நெட் எர்ரர் வந்தா என்ன, பில் லேட் ஆகும், அவ்ளோதான். இது காசு.

மளிகைக் கடைக்கு ஃபோன் போட்டு 'அண்ணாச்சி ரெண்டு மூட்டை அரிசி அனுப்பிடுங்க'ன்னு சொல்றீங்க, லைன் கட் ஆகுது. அவர் காதுல விழுந்துச்சா இல்லையா உங்களுக்குத் தெரியாது. திரும்ப ஃபோன் போட்டு 'ரெண்டு மூட்டை அனுப்பிடுங்க'ன்னே சொன்னா நாலு மூட்டை வந்து எறங்க வாய்ப்பிருக்கு. 'மொதல்ல சொன்னது கேட்டுச்சா'ன்னுதானே கேப்பீங்க. உங்க லூப் கேக்கல. சாயங்காலம் 6 மணிக்கு மேல எல்லா கம்பெனியும் பார்சல் போடற நேரம், கூரியர் சர்வர் திணறும், ஒரு புக்கிங்குக்கு 8 செகண்ட் எடுக்குதுன்னு வைங்க. நீங்க 5 செகண்ட்ல வெறுத்துப்போய் கழட்டிக்கிறீங்க, அது அந்தப் பக்கம் தன் பாட்டுக்கு 8-வது செகண்ட்ல புக் பண்ணிடுது, அதுக்குள்ள நீங்க ரெண்டாவது அனுப்பிட்டீங்க, 10-வது செகண்ட்ல மூணாவதும் அனுப்பறீங்க. அதுமில்லாம ஏற்கனவே திணறற சர்வர் மேல நீங்களும் மூணு மடங்கு சுமை ஏத்தறீங்க. டைம்அவுட்ங்கறது வேலை நடக்கலைன்னு அர்த்தம் இல்ல, நடந்துச்சா இல்லையான்னு எனக்குத் தெரியலன்னுதான் அர்த்தம்.

அதனால லூப்பை இன்னைக்கே எடுங்க, இதைப் படிச்சு முடிக்கறதுக்கு முன்னாடி எடுத்தாலும் சந்தோஷம். அதுக்கு பதிலா எர்ரரை ரெண்டா பிரிங்க. கனெக்‌ஷன் போடற கட்டத்துலயே விழுந்துச்சுன்னா, அதாவது கனெக்ட் டைம்அவுட், ரிஃப்யூஸ்டு, பேரே கண்டுபிடிக்க முடியலைங்கற டிஎன்எஸ் எர்ரர், இதுலெல்லாம் உங்க பில் வாசலைத் தாண்டவே இல்ல, தைரியமா திரும்ப அனுப்பலாம், 1 செகண்ட், 2 செகண்ட், 4 செகண்ட்னு இடைவெளிய ஏத்திக்கிட்டே போய் மூணு தடவையோட நிறுத்திடுங்க, ஒவ்வொரு இடைவெளிலயும் கொஞ்சம் ராண்டமா கூட்டிக்கறது நல்லது, கரண்ட் போயிட்டு வந்து எல்லா மெஷினும் ஒரே நேரத்துல போய் கதவை இடிக்காம இருக்கும். ஆனா அனுப்ப ஆரம்பிச்சதுக்கு அப்புறம் விழுந்துச்சுன்னா, ரீட் டைம்அவுட்டோ ரீசெட்டோ, அங்க குருட்டுத்தனமா திரும்ப அனுப்பவே கூடாது. உங்க பில் நம்பரை ரெஃபரன்ஸ் நம்பரா குடுக்க கூரியர் ஏபிஐல ஒரு ஃபீல்டு இருக்கும், அதை வச்சு 'இந்த பில்லுக்கு புக்கிங் இருக்கா'ன்னு மொதல்ல கேளுங்க, இருந்தா அந்த ட்ராக்கிங் நம்பரையே எடுத்துக்குங்க, இல்லைன்னா ஒரு நிமிஷம் விட்டு இன்னொரு தடவை கேட்டுட்டு அப்புறம் அனுப்புங்க. ஒரே ரெஃபரன்ஸ் ரெண்டு தடவை வந்தா பழைய புக்கிங்கையே திருப்பித் தர்ற ஏபிஐயா இருந்தா இன்னும் நிம்மதி, கூரியர் ஐடி ஆளுகிட்ட கேக்கவேண்டிய முக்கியமான கேள்வி இதுதான், சர்வர் ஓடுதாங்கறது இல்ல. அவங்ககிட்ட ரெண்டுமே இல்லைன்னா ரீட் டைம்அவுட் வந்த பில்லை எல்லாம் ஒரு லிஸ்ட்ல போட்டு, அவங்க வெப்சைட்ல பாத்து ஒரு ஆள் டிக் பண்ற மாதிரி வைங்க. ஒரு நாளைக்கு ரெண்டு மூணு வரும், மூணு புக்கிங் சார்ஜை விட அது சல்லிசு.

டைம்அவுட்டுக்கு ஒரே நம்பர் குடுத்திருக்கீங்க, அது கனெக்டுக்கும் ரீடுக்கும் சேத்தே போயிடுச்சு. ரெண்டு நம்பரா குடுக்கலாம், கனெக்டுக்கு 5 செகண்ட் போதும், சின் பாக்கெட் 0, 1, 3-வது செகண்ட்ல போயிருக்கும், மூணு தட்டுக்குத் தெறக்காத கதவு நாலாவதுக்கும் அனேகமா தெறக்காது. ரீடுக்கு 60 குடுங்க. அந்த 60-ங்கறது மொத்த நேரம் இல்ல, ஒரு பைட்டுக்கும் அடுத்த பைட்டுக்கும் நடுவுல எவ்ளோ நேரம் சும்மா இருக்கலாம்ங்கறதுதான், உங்க கேஸ்ல பெரிய வித்தியாசம் இல்ல, தெரிஞ்சு வச்சுக்குங்க. பில் கவுண்டர்ல 60 செகண்ட் ஸ்க்ரீன் உறைஞ்சு நிக்கக் கூடாதுன்னா பில்லை பிரிண்ட் பண்ணிட்டு, அனுப்பற வேலைய தனியா பின்னாடி ஒரு க்யூல ஓட விடுங்க, எப்படியும் பார்சல் சாயங்காலம்தானே கெளம்புது.

எஸ்எஸ்எல் வெரிஃபை ஃபால்ஸ், அதாவது எதிர்ல இருக்கறது நெஜமான சர்வர்தானான்னு சர்ட்டிஃபிகேட் பாக்கறதை நிறுத்தறது. அந்த ஃப்ரெண்டுகிட்ட இனிமே கிரிக்கெட் பத்தி மட்டும் பேசுங்க. உங்க எர்ரர்ல சர்ட்டிஃபிகேட்ங்கற வார்த்தையே இல்ல, அது இல்லாதப்ப அதைத் தொட்டு என்ன ஆகப்போகுது, கஸ்டமர் அட்ரஸும் உங்க ஏபிஐ கீயும் யாருகிட்ட போகுதுன்னு பாக்காம அனுப்பிக்கிட்டு இருக்கீங்க. திரும்ப ட்ரூ ஆக்குங்க. ஆக்கினதும் சர்ட்டிஃபிகேட் எர்ரர் வந்துச்சுன்னா மெஷின் டைம் சரியா இருக்கான்னு பாருங்க, அப்புறம் உபுண்டு எவ்ளோ பழசுன்னு பாருங்க. 2021 செப்டம்பர் 30-ந்தேதி இலவசமா சர்ட்டிஃபிகேட் குடுக்கற லெட்ஸ் என்கிரிப்ட் நம்பியிருந்த ஒரு பழைய ரூட் சர்ட்டிஃபிகேட் காலாவதி ஆச்சு, அன்னைக்கு பழைய ஓப்பன்எஸ்எஸ்எல் (சர்ட்டிஃபிகேட்டை சரிபாக்கற சாஃப்ட்வேர்) வச்சிருந்த மெஷின்ல எல்லாம் நேத்து வரைக்கும் ஓடின புரோகிராம் காலைல ஓடல, அன்னைக்கு அவசரத்துக்கு ஃபால்ஸ் போட்டவங்க பல பேரு இன்னும் அப்படியேதான் ஓட்டிக்கிட்டு இருக்காங்க.

கடைசியா லாக். இப்ப உங்க லாக்ல 'எர்ரர்'னு மட்டும்தான் இருக்கும்னு நெனைக்கறேன். ஒவ்வொரு காலுக்கும் ஆரம்பிச்ச நேரம், எத்தனை செகண்ட் ஆச்சு, எந்த ஐபிக்குப் போச்சு, கடைசி காலுக்கும் இதுக்கும் எவ்ளோ இடைவெளி, எர்ரரோட முழு வார்த்தை, அன்னைக்கு நம்ம பப்ளிக் ஐபி என்ன, பில் நம்பர், இவ்ளோவும் ஒரே வரில வர்ற மாதிரி எழுதுங்க. ஒரு வாரத்துக்கு இதை ஓட விட்டு நெட் கம்பெனி ஆளுகிட்டயும் கூரியர் ஆளுகிட்டயும் காமிச்சா 'எங்க பக்கம் ஒண்ணும் இல்ல'ங்கற பேச்சு நிக்கும்.

எதை மொதல்ல பண்றதுன்னா, லூப்பை எடுக்கறது இன்னைக்கு, வெரிஃபையை ட்ரூ ஆக்கறதும் இன்னைக்கே, செஷனை விட்டுட்டு பில்லுக்கு ஒரு கனெக்‌ஷன்னு மாத்தறது நாளைக்கு, வயர் பிடுங்கற சோதனை ஞாயித்துக்கிழமை. அந்த கூடுதல் ரெண்டு புக்கிங்குக்கும் பார்சல் பிக்கப்பே ஆகியிருக்காதுல்ல, பிக்கப் ஆகாத புக்கிங்கை கேன்சல் பண்ணி சார்ஜைத் திருப்பித் தரச் சொல்லி பில் நம்பரோட மெயில் போடுங்க, முதலாளியையும் காப்பில வைங்க. வாட்ச் டெஸ்ட்ல எந்த நிமிஷத்துல விழுதுன்னு வந்த நம்பரையும், ரெண்டு டிடிஎல்லையும் எனக்கு எழுதி அனுப்புங்க, ரவுட்டரா அந்தப் பக்கமான்னு சொல்லிடறேன்.